ஜிம்னிக்கு வால் கட்டிய கதை

மூன்று கதவு சுசுகி ஜிம்னி என்ற குட்டி ஜீப்பின் பின் இருக்கைகளை நிமிர்த்தி வைத்தால் டிக்கியில் மிஞ்சும் இடம் 85 லிட்டர். நான்கு பேர் கொண்ட எங்கள் குடும்பத்தின் போர்வைகளுக்கே அது போதாது. கூரையில் ஏற்றலாமென்றால் அங்கே 30 கிலோதான் அனுமதி. மெல்பர்னின் மேற்குப் புறநகரில் குடியிருந்துகொண்டு, விடுமுறைக்கு விடுமுறை காட்டுக்குள் கூடாரம் அடிக்க ஆசைப்படுகிறவர் இந்த வண்டியை எதற்காக வாங்கினீர்கள் என்று என் மனைவி கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. ட்ரெய்லர் வாங்கியதே அந்தக் கேள்வியிலிருந்து தப்பிப்பதற்குத்தான்.

6 அடிக்கு 4 அடி, பழைய இரும்பு ட்ரெய்லர். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கொடுத்தார். அதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு முன்பே, வண்டியின் அடியில் டோபார், அதாவது ட்ரெய்லரைக் கோத்து இழுக்கும் இரும்புத் தண்டு, மாட்டுவதற்காக டான்டனாங்கில் இருக்கும் யாழ்ப்பாணத்து மெக்கானிக் ஒருவரிடம் போனேன். இந்தச் சின்ன இன்ஜின் ட்ரெய்லரை இழுக்குமா அண்ணை என்று கேட்டேன். அவர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டாமலே சொன்னார்: "தம்பி, இழுப்பது இருக்கட்டும். இது நிற்குமோ?"

அப்போது அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. 1.5 லிட்டர், 75 கிலோவாட், 130 நியூட்டன் மீட்டர் என்று இன்ஜின் கணக்கை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆஸ்திரேலிய விதிப்படி 750 கிலோ வரையுள்ள ட்ரெய்லருக்குப் பிரேக் தேவையில்லை. என்னுடையது அதற்குள்தான் வரும், ஆகவே கவலையில்லை என்பது என் முடிவு. தப்பு. 750 என்பது ட்ரெய்லருக்கான விதி. ஜிம்னிக்கு சுசுகி கொடுத்திருக்கும் வரம்பு வேறு: பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் 1300 கிலோ, பிரேக் இல்லாவிட்டால் 350 கிலோ. இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும்.

ட்ரெய்லரின் தகட்டில் வெற்று எடை 230 கிலோ என்று இருந்தது. அப்படியானால் எனக்கு மிச்சம் 120. போதும் என்றுதான் நினைத்தேன். வழக்கமான முகாம் சாமான்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடை மேடைக்குப் போனேன். 415 காட்டியது. இரண்டு கேனில் 40 லிட்டர் தண்ணீர், அதுவே 40 கிலோ. 9 கிலோ எரிவாயு சிலிண்டர் என்கிறோம், சிலிண்டரின் இரும்பு எடையையும் சேர்த்தால் கிட்டத்தட்ட அதைப் போல் இரண்டு மடங்கு. குளிர்பெட்டி, அதற்கொரு பேட்டரி, கூடாரம், மடக்கு நாற்காலிகள். காட்டிலும் இட்லி வேண்டும் என்று பிடிவாதமாக ஏற்றப்பட்ட இட்லிப் பானை. (அதை நான் கணக்கில் சேர்த்துப் பேசவில்லை. வீட்டில் அமைதி முக்கியம்.)

இனி இரண்டு வழி. ஒன்று, 65 கிலோவை இறக்கிவிட்டுப் போவது. மற்றது, ட்ரெய்லருக்குப் பிரேக் போடுவது. இரண்டாவதைத் தேர்ந்தேன். மின்சாரப் பிரேக் அல்ல, ட்ரெய்லர் வண்டியை முட்டும்போது தானாகப் பிடிக்கும் வகை. வண்டி வேகம் குறைந்ததும் பின்னால் வருகிற ட்ரெய்லர் முன்னுக்குத் தள்ளும். அந்தத் தள்ளலில், டோபாரின் நுனியிலுள்ள பந்தைக் கவ்வியிருக்கும் ட்ரெய்லரின் இணைப்புத் தலை உள்ளே நகர்ந்து ஒரு கேபிளை இழுக்கும். உடனே காலிப்பர் என்ற இடுக்கி சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்வும். காருக்குள் எந்த வேலையும் இல்லை. அச்சில் தகடுகளை வெல்டிங் செய்து காலிப்பர்களை மாட்டினார் அண்ணை. 25 கிலோ கூடியது. அந்த 25 கிலோவுக்கு ஈடாக ஒரு கேன் தண்ணீரும் ஒரு மடக்கு மேசையும் வீட்டில் தங்கின.

சக்கரத்தைக் கழற்றியபோதுதான் மற்ற லட்சணங்கள் தெரிந்தன. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் டக் டக்கென்று ஆடியது. பேரிங் மூடியைத் தட்டி எடுத்தேன். உள்ளே கிரீஸ் இல்லை. காய்ந்த சாக்கடை வண்டல் போல ஏதோ ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் புது பேரிங். டயரின் பூக்கள் புதிதாகத்தான் தெரிந்தன, ஆனால் பக்கச் சுவரில் 3211 என்று நான்கு இலக்கங்கள்: 2011ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் தயாரானது. அதையும் மாற்றினேன்.

என்னை அதிகம் அலைக்கழித்தது விளக்குதான். வண்டிப் பக்கம் சிக்கல் இல்லை. இப்போதைய வண்டிகளில் பின் விளக்கு வயரை நேரடியாகத் துண்டித்து ஒட்டக்கூடாது. பேட்டரியிலிருந்து தனியாக மின்சாரம் எடுக்கும் ஒரு சிறு மாட்யூலை நடுவில் வைக்க வேண்டும். அதை வைத்தாயிற்று. ஆனாலும் இடது இண்டிகேட்டரைப் போட்டால் டெயில் விளக்கும் கூடவே மங்கலாகச் சிமிட்டியது. பிரேக்கை மிதித்தால் எல்லாமே அரைகுறையாக எரிந்தன. எர்த் சரியில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு இரண்டு மாலை நேரங்கள் பல்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன். ஏழு முள் பிளக்கில் மூன்றாவது முள் எர்த், வெள்ளை வயர். ஏழாவது டெயில் விளக்கு, பழுப்பு வயர். என் ட்ரெய்லரின் வெள்ளை வயர் புழுதி குடித்து பழுப்பை விடப் பழுப்பாகியிருந்தது. அதன் மறுமுனை, இழுதண்டின் அடியில் பெயிண்ட் பூசிய இரும்பின் மேல், துருவேறிய ஒரு திருகில் முடிந்திருந்தது. அரத்தால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புதுத் திருகு போட்டு, மேலே கிரீஸ் பூசினேன். பிரேக்கை மிதித்ததும் பின்னாலிருந்த சுவர் சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து நான் கைதட்டியதை மகள் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

அடுத்தது டோபார் பந்தின் மேல் இறங்கும் பாரம். குளியலறை எடைக்கருவியின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, இணைப்புத் தலையை அதன்மேல் இறக்கினால் தெரிந்துவிடும். முதலில் 18 கிலோ. ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு இருப்பது நல்லது; குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டும். ஜிம்னிக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2250 மில்லிமீட்டர்தான். இவ்வளவு குட்டையான வண்டியை ஆட்டிவைக்கப் பெரிய வால் தேவையில்லை. குளிர்பெட்டியையும் தண்ணீரையும் அச்சுக்கு முன்னால் நகர்த்தியபின் 41 வந்தது. ஆனால் அந்த 41 வண்டியின் சுமைக் கணக்கில் சேரும். வெற்று வண்டி 1075, மொத்த அனுமதி 1435. நாங்கள் நால்வர், டோபார், பந்தின் மேல் 41. டிக்கியில் இனிப் போர்வைதான். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் இன்னும் ஏற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். வண்டியின் பின்புறம் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவே, 1435 மாறாது.

மாட்டியபின் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இணைப்புத் தலையின் பூட்டு விழுந்ததா என்று கண்ணால் பார்ப்பதோடு விடாமல், ட்ரெய்லரின் முன்னாலுள்ள சிறு சக்கரத்தைக் கீழே சுற்றுவேன். காரின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது. பிறகு பாதுகாப்புச் சங்கிலி. பிறகு அந்தச் சிறு சக்கரத்தையே கழற்றி ட்ரெய்லருக்குள் போட்டுவிட வேண்டும். ஜிம்னியின் பின்கதவு, ஸ்டெப்னியோடு சேர்ந்து, பக்கவாட்டில் திறப்பது. சக்கரத்தின் கைப்பிடி நேராகக் கதவின் பாதையில் நிற்கிறது. என் கதவில் உள்ள பள்ளம் இதற்குச் சாட்சி.

முதல் பயணம் வோம்பாட் காட்டுக்கு. பேக்கஸ் மார்ஷ் தாண்டியதும் நெடுஞ்சாலை பென்ட்லண்ட் மலைமேல் ஏறுகிறது. மூன்றாவது கியரில், லாரிகளோடு லாரியாக ஏறினோம். ஒரு லாரி எங்களை முந்தியது. இழுத்தது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. திரும்பும்போது இறக்கத்தில்தான் அண்ணையின் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்னாலிருந்து மெல்லிய ஒரு 'தொக்'. ட்ரெய்லர் தன் பாரத்தைத் தானே பிடித்துக்கொண்டது. கீழே நிறுத்திப் புறங்கையால் சக்கர நடுவைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே சூடு.

வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்தேன். எங்கள் வாசல் சற்று மேடு. உயரத்தில் குட்டையான ட்ரெய்லர் ஸ்டெப்னிக்குப் பின்னால் மறைந்துவிடும் என்பதால் அதன் இரண்டு மூலையிலும் மூங்கில் குச்சி நட்டிருந்தேன். குச்சிகள் நேராகத்தான் நின்றன. வண்டி மட்டும் நகரவில்லை. ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினேன், கிளட்ச் வாடை வந்தது. பின்னோக்கித் தள்ளுவதும் இந்தப் பிரேக்குக்கு முட்டுவதுதானே. அதைத் தடுக்க இணைப்புத் தலையில் ஒரு சிறு கொக்கி இருக்கிறது, அதை இறக்கிவிட்டுத்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.

மனைவி கதவைத் திறந்து இறங்கிப் போனாள். கொக்கியை இறக்கிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே சைகை காட்டினாள்: ம், இப்போது வாருங்கள்.