முகவரி எழுந்துவிட்டது, இணைப்பு மட்டும் இல்லை

கிளஸ்டரில் (ஒன்றாக இயங்கும் சர்வர் கூட்டத்தில்) ஒரு சர்வர் செயலிழந்து, அதனிடம் இருந்த மிதக்கும் ஐபி முகவரியை (தேவைக்கேற்ப சர்வர் மாறும் முகவரியை) இன்னொரு சர்வர் ஏற்றுக்கொண்ட பிறகும் பயனர்களுக்கு இணைப்பு கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலோர் முதலில் கிளஸ்டர் மென்பொருளின் லாக்கைத்தான் புரட்டுகிறார்கள். முகவரி புதிய நோடில் (சர்வரில்) இயங்குகிறது என்று பேஸ்மேக்கரோ கீப்அலைவ்டோ அங்கே சொல்லியிருக்கும்; அது பொய்யுமல்ல. ஆனால் அந்த ஐபி எந்த மேக் முகவரிக்கு (நெட்வொர்க் அட்டையின் வன்பொருள் முகவரிக்கு) உரியது என்று கேட்வே (வெளி நெட்வொர்க்குடன் இணைக்கும் ரவுட்டர்) நினைவில் வைத்திருக்கிறதோ, அங்கேதான் பாக்கெட் போகும். ஆகவே சோதனையை கேட்வேயிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஒரே சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரே பிரிவில்) உள்ள லினக்ஸ் கணினியிலிருந்து பிங் போகிறது, வெளியிலிருந்து போகவில்லை என்பது இதற்கு நல்ல அறிகுறி. லினக்ஸ் தன் ஏஆர்பி பதிவை (எந்த ஐபிக்கு எந்த மேக் முகவரி என்ற குறிப்பை) ஒரு நிமிடத்துக்குள்ளாகவே சந்தேகித்து மறுபடியும் சரிபார்க்கும். சிஸ்கோ ரவுட்டரோ, இயல்பு அமைப்பில், அதை 4 மணி நேரம் வைத்திருக்கும். இந்த இடைவெளியைத் தவிர்க்கத்தான் புதிய நோட் யாரும் கேளாமலே, இந்த ஐபி இனி என் மேக் முகவரிக்கு உரியது என்று ஓர் ஏஆர்பி அறிவிப்பை அனுப்புகிறது. கேட்வேயின் ஏஆர்பி அட்டவணையில் பழைய நோடின் மேக் முகவரியே இருந்து, அந்த ஒரு பதிவை மட்டும் நீக்கியவுடன் இணைப்பு திரும்பினால், அறிவிப்பு வந்து சேரவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. அத்துடன் வேலையை முடித்துவிடக் கூடாது. அறிவிப்பு புதிய நோடை விட்டுக் கிளம்பியதா என்று பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் பார்க்க வேண்டும். கிளம்பியிருந்தால், சுவிட்சின் ஏஆர்பி பாதுகாப்புச் சோதனை அதைத் தடுத்ததா, போர்ட் அப்போது ஸ்பேனிங் ட்ரீயின் (நெட்வொர்க்கில் சுழற்சி ஏற்படாமல் காக்கும் நெறிமுறையின்) காத்திருப்பு நிலையில் இருந்ததா என்று தேட வேண்டும். கீப்அலைவ்டில் இந்த அறிவிப்பைக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப அனுப்பவும் வழி உண்டு.

அட்டவணையில் மேக் முகவரி மாறி மாறித் தெரிந்தால் கதையே வேறு. இரண்டு நோடுகளும் முகவரியைத் தமதென்று பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். மூன்றாவது கணினியிலிருந்து ஏஆர்பிங் (ஏஆர்பி கேள்வி அனுப்பும் கட்டளை) கொடுத்தால் ஒரே ஐபிக்கு இரண்டு மேக் முகவரிகள் பதில் சொல்லும். கீப்அலைவ்டில் இதற்கு அடிக்கடி காரணமாவது ஃபயர்வால்தான். நோடுகள் தாம் இயங்குவதை ஒன்றுக்கொன்று தெரிவிக்கும் விஆர்ஆர்பி செய்திகள் டிசிபியோ யுடிபியோ அல்ல, 112 என்ற தனி நெறிமுறை எண்ணில், இயல்பாக 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்குச் செல்லும்) முகவரிக்குச் செல்பவை. அவை தடைபட்டால் ஒவ்வொரு நோடும் மற்றது இறந்துவிட்டதாகவே முடிவு செய்யும். இங்கே ஏஆர்பி பதிவை எத்தனை முறை நீக்கினாலும் பயனில்லை, ஃபயர்வால் விதியைத் திருத்தியாக வேண்டும்.

பெரிய கிளவுட் தளங்களில் இந்த ஏஆர்பி அறிவிப்பைப் பொதுவாக நம்ப முடியாது. அங்கே முகவரியை மாற்றும் ஏபிஐ அழைப்பு வெற்றி பெற்றதா, அதற்கான அனுமதி நோடுக்கு இருந்ததா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.