மலிவுக் கேமரா, விலைக் கேமரா: வேலூர் மாடியும் ஜவ்வாது மலையும்

பிப்ரவரி 23, 2025, ஞாயிறு. வேலூர், மொட்டை மாடி

தொலைநோக்கியில் மாட்டி வானத்தைப் படமெடுக்கும் தன் குளிரூட்டும் கேமராவை (சென்சாரைக் குளிர வைக்கும் வகை) நண்பர் ஒரு மாதத்துக்குக் கொடுத்திருக்கிறார். உள்ளே சோனியின் ஐஎம்எக்ஸ்533 சென்சார். என்னிடம் இருப்பது ஐஎம்எக்ஸ்224 சென்சார் கொண்ட சின்ன கேமரா. இரண்டுக்கும் விலையில் மூன்று நான்கு மடங்கு வித்தியாசம். தொலைநோக்கி ஒன்றேதான்: 8 அங்குல நியூட்டோனியன் (ஆடி வைத்த தொலைநோக்கி), குவியத் தூரம் 1000 மி.மீ.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சின்னதில் ஒரு பிக்சலின் அளவு 3.75 மைக்ரான், பெரியதில் 3.76. ஒரே தொலைநோக்கியில் மாட்டினால் ஒரு பிக்சலுக்குள் விழும் வெளிச்சம் ஏறக்குறைய சமம். ஆகவே விலை கூடிய கேமரா ‘அதிக வெளிச்சம் பிடிக்கும்’ என்பது சரியல்ல. அதற்குப் பரப்பு அதிகம், அவ்வளவுதான்: சின்னதில் சுமார் 12 லட்சம் பிக்சல், பெரியதில் 90 லட்சம்.

இரவு எட்டு மணிக்கு ஒரியன் நெபுலா (வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம்) உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. நான்கு நான்கு விநாடியாக எடுத்து, ஷார்ப்கேப் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக நேரலையாக அடுக்கினேன். சின்னதில் நடுப்பகுதி மட்டும். பெரியதில் சிறகு இரண்டும் முழுதாக. ஆனால் நடுவிலுள்ள நான்கு நட்சத்திரங்களைச் சுற்றிய பகுதியை இரண்டிலும் பெரிதாக்கிப் பார்த்தால் எது எந்தக் கேமரா என்று சொல்வது கடினம். குளிரூட்டியைப் போட்டும் அணைத்தும் பார்த்தேன், படம் மாறவே இல்லை. ஊர் வெளிச்சம் வானத்தில் எழுப்பும் இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப் பிசிறு), சென்சாரின் வெப்ப இரைச்சலை முழுக்க மூழ்கடித்துவிடுகிறது. நகரத்து மாடியில் குளிரூட்டிக்குக் கொடுக்கும் பணம் வீண்.

பிப்ரவரி 28, வெள்ளி. ஜவ்வாது மலை

காவலூர் பக்கம். வானியலாளர் வைணு பாப்பு தேடிக் கண்டுபிடித்த வானம் இது. அவர் பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இங்கே இருக்கிறது. ஆலங்காயம் தாண்டி மேலே ஏறினாலே இருட்டின் தரம் மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

நள்ளிரவு தாண்டி சிம்ம ராசியின் எம்65, எம்66 கேலக்ஸிகள். இந்த அட்சரேகையில் இவை கிட்டத்தட்ட நேர் உச்சியில் கடக்கின்றன. அதைவிடச் சுத்தமான காற்று வேறு கோணத்தில் கிடைக்காது. இரண்டுக்கும் இடைவெளி 20 கலை (ஒரு டிகிரிக்கு 60 கலை). என் சின்ன கேமரா பார்ப்பது 17-க்கு 13 கலை என்பதால் ஒன்று முடித்து ஒன்று. பெரியதில் இரண்டும் ஒரே சட்டத்துக்குள்.

எக்ஸ்போஷரை 30 விநாடிக்கு ஏற்றியதும்தான் வேறுபாடு வெளியே வந்தது. சின்னதில் இருண்ட பகுதியெல்லாம் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள். வெளியே 19 டிகிரி, சென்சாரோ 28 டிகிரியில் இருந்தது. 6, 7 டிகிரி குறைந்தால் வெப்ப மின்னோட்டம் (வெளிச்சமே இல்லாமல் சூட்டால் சென்சாரில் எழுவது) பாதியாகும். பெரியதை 0 டிகிரியில் நிறுத்தியிருந்தேன். அதாவது வெப்ப மின்னோட்டம் 16-இல் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருக்கும். எம்66-இன் சுருள் கைகள் அதில் தனித்தனியாகத் தெரிந்தன. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொரு ஆதாயம் டார்க் ஃப்ரேம்: மூடி போட்டு எடுத்து, வெப்பப் புள்ளிகளைப் படத்திலிருந்து கழிக்க உதவும் இருட்டுப் படம். சின்ன கேமராவில் ஒன்பது மணிக்கு மூடி போட்டு எடுத்தது ஒரு மணிக்குப் பொருந்தாது, வெப்பம் மாறிவிடுகிறது. பெரியதில் வெப்பநிலையைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பகலிலேயே எடுத்து வைத்துவிடலாம். இந்த வகைக் கேமரா சூழலைவிட 35 டிகிரி வரை இறக்கும். மே மாத வேலூரையும் கணக்கில் கொண்டால், வருடம் முழுக்க 0 டிகிரி என்று வைத்துக்கொள்வதே நமக்குச் சரி. குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் −20 இங்கே நடக்காது.

மார்ச் 2, ஞாயிறு

மேகம். பழைய பெட்டியிலிருந்து சிசிடிவி கேமராவை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

நெபுலா, கேலக்ஸி போன்ற மங்கலான தொலைதூரப் பொருட்களை வீடியோவில் பார்க்கும் கலை வளர்ந்ததே இந்தக் காவல் கேமராக்களால்தான். வாட்டெக், சாம்சங் பெட்டிகளில் ‘சென்ஸ்-அப்’ என்று ஒரு வசதி: 512 என்று வைத்தால் நம் நாட்டு PAL வீடியோ முறையில் (நொடிக்கு 50 புலம், அதாவது 50 அரைப் படம்) சுமார் 10 விநாடி வெளிச்சத்தைச் சேர்த்துக் காட்டும். அந்நாளில் உயர்ந்த ரகம் என்றால் கனடாவின் மல்லின்கேம். அதில் குளிரூட்டியும் உண்டு. என் சின்ன கேமராவின் 224 சென்சாரையும் சோனி 2014-இல் அறிவித்தது கார் கேமராக்களுக்காக. வானம் பார்ப்பவர்களுக்கென்று யாரும் செய்யாத பொருட்களைக் கொண்டே இந்தக் கலை இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. எனக்கு அதில் பெருமை உண்டு.

மார்ச் 28, வெள்ளி இரவு. மறுபடி மலை

அரசுப் பள்ளி அறிவியல் டீச்சர் பிள்ளைகள் சிலரையும் அவர்களின் பெற்றோரையும் அழைத்து வந்திருந்தார். ஒரு மணி தாண்டி ஒமேகா சென்டாரி என்ற கோள வடிவ நட்சத்திரக் கொத்து தெற்கே 30 டிகிரி உயரத்தில். காஷ்மீரில் இருப்பவருக்கு அது அடிவானத்தை ஒட்டித்தான் நகரும். நமக்கு மரங்களுக்கு மேலே தாராளமாக நிற்கிறது.

சின்ன கேமராவில் 0.5 ரெடியூசர் (குவியத் தூரத்தைப் பாதியாக்கி, பார்க்கும் பரப்பை அகலமாக்கும் லென்ஸ்) மாட்டினேன். இரண்டிரண்டு விநாடியாக அடுக்க அடுக்கத் திரை முழுக்க நட்சத்திரம் நிறைந்தது. பிரகாசமான கோளக் கொத்துக்கு இது தாராளம். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள், 17,000 ஒளியாண்டு தூரம் என்றதும் ஒரு பாட்டி, “இம்புட்டும் நம்ம மலைக்கு மேலயா இருக்கு?” என்று கேட்டு, திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து சென்டாரஸ் ஏ கேலக்ஸி. அதன் குறுக்கே ஓடும் தூசிப் பட்டையைச் சின்னதில் அடையாளம் காணலாம். பெரியதில் 60 விநாடி வைத்தபோது பட்டையின் பிசிறுகள்கூட வந்தன. ஆனால் குளிரூட்டி 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் வரை இழுக்கும். தனி பேட்டரி சுமக்க வேண்டும். சின்னதற்கு மடிக்கணினியின் யுஎஸ்பி போதும்.

மார்ச் 30, ஞாயிறு

டீச்சர் போன் செய்தார். “சார், பள்ளிக்கு ஒரு தொகை கிடைக்கும்போல. பெரிய கேமராவே வாங்கிடலாமா?”

வேண்டாம் என்றேன். சின்ன கேமரா, ரெடியூசர், மீதி முழுவதும் நல்ல ஈக்வடோரியல் மவுண்ட் (வானம் சுழல்வதற்கேற்பத் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி). நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பாத மவுண்டில் எந்தக் கேமராவும் கோடுதான் வரையும். மங்கலான கேலக்ஸிகளை மணிக்கணக்கில் படமெடுக்கும் ஆசை பிள்ளைகளுக்கு வந்தால், இருண்ட வானம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. குளிரூட்டும் கேமராவுக்கு அப்போது முழு மதிப்பு. நானும் எனக்கென்று ஒன்றுக்குச் சேர்க்கத் தொடங்கிவிட்டேன்.

“மவுண்டைப் பசங்களே சரி பண்ணி வைக்க முடியுமா சார்?”

மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தின் பக்கம் நோக்க வேண்டும். அந்த நட்சத்திரம் இங்கே 12 டிகிரிக்குச் சற்று மேலேதான். அவர்கள் பள்ளி மைதானத்தில் வடக்கே இருக்கும் மேடு அதை மறைக்கும். ஆகவே நட்சத்திரம் விலகும் திசையைப் பார்த்து அச்சைத் திருத்தும் ட்ரிஃப்ட் முறையைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். ஏப்ரல் 26 சனிக்கிழமை, அமாவாசைக்கு முந்தின இரவு, என் மவுண்டையே எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.