கோப்பில் குறையில்லை, பென்டிரைவில்தான் குறை

லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13 ஒருவழியாக நேற்றிரவு நிறுவத் தொடங்கியது. அதற்கு முன் இரண்டு மாலைகள் வீண். இரண்டு முறையும் அடிப்படை அமைப்பை நிறுவும் கட்டத்தில், அதே மென்பொருள் பொதியில், கோப்பு சிதைந்திருப்பதாகச் சொல்லி நின்றது.

‘ஐஎஸ்ஓவை மறுபடி இறக்கு’ என்றார் நண்பர். பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து நிறுவப் பயன்படும் கோப்புதான் ஐஎஸ்ஓ. நான் மறுத்துவிட்டேன். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளத் தொடரான எஸ்எச்ஏ-512 தொகையின் 128 எழுத்துகளும், டெபியன் வெளியிட்ட தொகையோடு பொருந்தியிருந்தன. அந்தத் தொகைக் கோப்பின் மின்கையொப்பத்தையும் ஜிபிஜி என்ற சரிபார்ப்பு நிரலில் பார்த்திருந்தேன். ‘நல்ல கையொப்பம்’ என்ற வரிக்குக் கீழே வரும் எச்சரிக்கையைக் கண்டு பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். கையொப்பமிட்ட திறவிக்கு, அதாவது டிஜிட்டல் சாவிக்கு, நாம் இன்னும் நம்பிக்கை அளிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். பார்க்க வேண்டியது அந்தத் திறவியின் அடையாளமான 40 எழுத்து விரல்ரேகையை. அது டிஎஃப்9பி 9சி49 என்று தொடங்கி 6294 பிஇ9பி என்று முடியும். இடையில் உள்ளதையும் விடாமல், என் பழைய டெபியன் 12இல் இருந்த திறவிப் பொதியோடு ஒப்பிட்டேன். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். இணைப்பை மாற்றத் தெரிந்தவனுக்கு, அதே பக்கத்தில் இருக்கும் தொகையை மாற்ற எவ்வளவு நேரமாகும்? கையொப்பம் பார்க்காமல் நான் எதையும் நிறுவுவதில்லை.

ஆக, மீதமிருந்தது பென்டிரைவ். ஐஎஸ்ஓவை அதில் எழுதும் டிடி கட்டளை எந்தப் பிழையும் காட்டாமல் எழுதி முடித்திருந்தது. எழுதியதைத் திரும்பப் படித்துத் தொகை எடுத்தேன், பொருந்தவில்லை. ஆனால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. 16 ஜிபி முழுவதையும் படித்தால், ஐஎஸ்ஓவுக்குப் பின்னால் கிடக்கும் பழைய குப்பையும் கணக்கில் சேர்ந்துவிடும். ஐஎஸ்ஓவின் நீளம் எத்தனை பைட்டோ அத்தனையை மட்டும் ஹெட் கட்டளையால் வெட்டியெடுத்துத் தொகை பார்க்க வேண்டும். அப்படிச் செய்தபோது பொருந்தியது! அரை மணி நேரம் குழம்பினேன். படித்தது பென்டிரைவிலிருந்து அல்ல, கணினியின் நினைவகத்தில் தங்கியிருந்த நகலிலிருந்து என்பது பிறகுதான் உறைத்தது. பென்டிரைவைப் பிடுங்கி, மறுபடி செருகிப் பார்த்தேன். முதல் எழுத்திலிருந்தே வேறு தொகை.

பஸ் நிலையத்துக்கு எதிரே, பெயர் அச்சிடாத உறையில் வாங்கியது அது. இனி அந்த வகையைத் தொடமாட்டேன். அலுவலகத் தோழியிடம் இரவல் வாங்கிய 8 ஜிபியில் எழுதி, பிடுங்கிச் செருகிப் படித்தேன். 128 எழுத்தும் அச்சு அசலாக வந்தன. அந்த நிறைவை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

வட்டைப் பிரிக்கும் திரையில் இப்போது நிற்கிறேன். சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியைத் தனியாக வைப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்குள் மாமாவின் 32 பிட் மடிக்கணினி நினைவுக்கு வந்துவிட்டது. 13இல் அந்த வகைக் கணினிக்கு நிறுவி கிடையாது. அதற்கு 12ஐத்தான் இறக்க வேண்டும். பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டேன், கையொப்பக் கோப்போடு சேர்த்தே.