இரண்டு ரேடார்களில் ஒரே பறவை வளையம்: செய்து பார்த்த அனுபவம்

நியூ ஜெர்சியின் மாரிஸ் ஆற்று நாணல் காட்டில் ஆகஸ்ட் மாதம் பர்ப்பிள் மார்ட்டின்கள் லட்சக்கணக்கில் வந்து அடையும். தகைவிலான் குடும்பத்துப் பறவை. விடிவதற்குச் சற்று முன் கூட்டம் கூட்டமாக எழுந்து நாலா பக்கமும் பறக்கும். வானிலை ரேடாரில் அது நடுவில் ஓட்டையுள்ள வடை மாதிரித் தோன்றி, பெரிதாகிக்கொண்டே போகும்.

அந்த இடத்தை டோவர், ஃபோர்ட் டிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க வானிலை ரேடார்கள் பார்க்கின்றன. முன்னது சுமார் 64 கி.மீ. தள்ளி, பின்னது சுமார் 89 கி.மீ. இந்தத் தரவு 2015 முதல் அமேசான் கிளவுடில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்தால் பறவைகள் போகும் திசையும் வேகமும் முழுதாகக் கிடைத்துவிடும் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் நாள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு வளையம் வந்தது. கோப்பின் பெயரில் இருந்த நேரத்தை நம்பியது என் தவறு. தெளிந்த வானத்தில் ரேடார் எல்லாச் சாய்வுகளிலும் சுற்றி ஒரு முழுப் பார்வையை முடிக்க 7 முதல் 10 நிமிடம் ஆகும். அதற்குள் பறவைகள் எங்கேயோ போயிருக்கும். ரேடார் அனுப்பும் ஒவ்வொரு அலைக் கற்றைக்கும் உள்ள நேரத்தை எடுத்துச் சரிசெய்ததும் வளையங்கள் பொருந்தின.

அப்புறம் உயரம். 0.5 டிகிரி சாய்வில் டோவர் கற்றையின் அடி விளிம்பு அங்கே சுமார் 250 மீட்டரில் இருக்கிறது, ஃபோர்ட் டிக்ஸ் கற்றையுடையது 470 மீட்டரில். அதனால் தாழப் பறப்பவை இரண்டாவதன் கண்ணில் படுவதே இல்லை. இரண்டையும் சராசரி எடுத்தால் வளையம் வெளிறிப்போனது. படத்தின் ஒவ்வொரு சின்னக் கட்டத்திலும் இரண்டில் பெரிய மதிப்பை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வேகத்துக்கு வந்தபோதுதான் உண்மையான சிக்கல். ரேடாருக்குத் தன்னை நோக்கி வருவதும் தன்னை விட்டுப் போவதும்தான் தெரியும், குறுக்கே போவது தெரியாது. டோவர் படத்தில் வளையத்தின் தென்மேற்குப் பாதி பச்சை (ரேடாரை நோக்கி), வடகிழக்குப் பாதி சிவப்பு (ரேடாரை விட்டு). ஃபோர்ட் டிக்ஸ் படத்தில் அதே பாதிகள் நிறம் மாறி நின்றன. வடமேற்கு, தென்கிழக்கு ஓரங்களோ இரண்டிலும் சாம்பல், கிட்டத்தட்ட பூஜ்யம். அங்கே பறவைகள் பறக்காமலா இருக்கும்?

வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். இரண்டு ரேடாரும் நாணல் காடும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில்! எதிரெதிரே நின்று ஒரே அளவை இரண்டு தடவை அளந்திருக்கிறேன். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்த்திருக்க வேண்டியது இது. ஆனாலும் வீண் இல்லை: குறி மாறி, அளவு ஒத்துப்போனதால் என் நேரத் திருத்தம் சரி என்று உறுதியானது.

பிலடெல்பியா விமான நிலையத்துக்கென்று தனியாக இன்னொரு டாப்ளர் ரேடார் (வேகத்தையும் அளக்கும் வகை) உண்டு. அது நாணல் காட்டுக்கு வடக்கே சுமார் 75 கி.மீ. தூரத்தில், வேகம் அளக்கும் 90 கி.மீ. எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அதன் பார்வைக் கோடு மற்ற இரண்டின் கோட்டை ஏறத்தாழ 40 டிகிரி கோணத்தில் வெட்டுகிறது, அதனால் குறுக்கே போவதும் பிடிபடும். நேற்று இரவு அதையும் சேர்த்தேன். தென்கிழக்கு ஓரத்தில், இத்தனை நாள் சாம்பலாகக் கிடந்த இடத்தில், நியூ ஜெர்சியின் தென்முனையான கேப் மே பக்கமாகப் பறக்கும் திசையைக் காட்டும் முதல் அம்புக்குறி விழுந்தது.