பழைய டைவ் கம்ப்யூட்டரை வாய் திறக்க வைத்த கதை

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் தமிழ் ஆசிரியராக இருக்கும் எனக்கு, விடுமுறை நாள்களில் ஃபிளிக் அன் ஃபிளாக்கிலிருந்து படகேறிப் போய்க் கடலுக்குள் இறங்குவது நெடுநாள் பழக்கம். முக்குளிப்பின் ஆழத்தையும் நேரத்தையும் அளந்து பதிவுசெய்யும், கைக்கடிகாரம் போன்ற கருவிதான் டைவ் கம்ப்யூட்டர். 2008இல் வாங்கிய ஊவாடெக் கலிலியோ சோல் என்னும் டைவ் கம்ப்யூட்டரைத்தான் இன்றும் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு இறங்குகிறேன். முக்குளிப்பு விவரங்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பவன் என்பதால் அதைக் கணினியோடு இணைக்க வேண்டிய தேவை ஏற்பட்டதே இல்லை. ஆண்டுக்கு ஏழெட்டு முறைக்கு மேல் கடலுக்குப் போகாததால் பழைய பதிவுகளும் அழியாமல் உள்ளேயே கிடந்தன. சென்ற ஆண்டு அதன் திரை மங்கத் தொடங்கியபோதுதான், கருவி கண்ணை மூடிவிட்டால் அத்தனை பதிவும் அதோடு போய்விடுமே என்ற கவலை பிடித்துக்கொண்டது.

இந்தக் கருவியில் கம்பி செருகுவதற்குத் துளை கிடையாது. துளை இருந்தால் தண்ணீர் புகும் என்பதால், அந்தக் காலத்தில் மடிக்கணினிகளிலும் கைப்பேசிகளிலும் பரவலாக இருந்த இர்டா என்னும் அகச்சிவப்பு முறையைப் பயன்படுத்தியிருந்தார்கள். இரு கருவிகளும் ஒன்றையொன்று ஒரு மீட்டருக்குள் நேருக்கு நேர் பார்த்திருக்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து பதினைந்து பாகைக்கு மேல் விலகினால் பேச்சு நின்றுவிடலாம். முதலில் விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டு, பிறகு இரண்டுக்கும் ஒத்துவரும் வேகத்துக்கு மாறும். இப்போதைய மடிக்கணினிகளில் அந்தக் கண் இல்லாததால் யூஎஸ்பியில் செருகும் அடாப்டர் ஒன்று தேவைப்பட்டது.

போர்ட் லூயியில் ஒரு கடையில் "இன்ஃப்ராரெட்" என்று கேட்டதும் கையளவு பெட்டி ஒன்றை எடுத்துத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது தொலைக்காட்சி ரிமோட்டின் சமிக்ஞையை வாங்குவதற்கான கருவி. ரிமோட்டும் அகச்சிவப்புதான் என்றாலும், அது 38 கிலோஹெர்ட்ஸ் அளவில் துடிக்கும் ஒருவழிப் பேச்சு. இர்டாவோ கேள்வியும் பதிலுமாக நடக்கும் இருவழிப் பேச்சு. அந்தப் பணம் போனது போனதுதான். இணையத்தில் வரவழைத்த இரண்டாவது அடாப்டரின் மேல் இர்டா என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. ஆனால் அதனுள் இருந்த சிப்போடு கணினி பேச உதவும் டிரைவர் என்னும் மென்பொருள் 32 பிட் விண்டோஸுக்கு மட்டுமே கிடைத்தது. என்னுடையது 64 பிட் கணினி. செருகியதும் எச்சரிக்கைக் குறியாக மஞ்சள் முக்கோணம் ஒன்று தோன்றியது. எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அது அசைந்து கொடுக்கவில்லை.

எபெனில் கணினி வேலை பார்க்கும் என் அக்கா மகன் இதைக் கேட்டுச் சிரித்தான். "மாமா, இதற்கெல்லாம் விண்டோஸ் எதற்கு? லினக்ஸில் ஐந்து நிமிட வேலை" என்று தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஐந்து நிமிடம் ஒரு முழு மாலையை விழுங்கியது. லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலிலிருந்து (கெர்னல்) இர்டா பகுதியை 2018இல், 4.17ஆம் பதிப்போடு, நீக்கிவிட்டிருந்தார்கள் என்பது இரவுச் சாப்பாட்டு வேளையில்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. முக்குளிப்புப் பதிவுகளைக் கருவியிலிருந்து இறக்கிக் காட்டுவதற்காக நாங்கள் பயன்படுத்த நினைத்த சப்சர்ஃபேஸ் என்னும் இலவச மென்பொருளை 2011இல் தொடங்கியவர், லினக்ஸைப் படைத்த அதே லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் தொடங்கிய மென்பொருளில் என் கருவியின் பெயர் இருக்கிறது. அவருடைய கருநிரலில் அதோடு பேசும் வழி இல்லை. மருமகன் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, "அடாப்டரின் பெயரைப் பார்க்காதீர்கள் மாமா, உள்ளே என்ன சிப் என்று பாருங்கள்" என்றான். அன்று அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், ஆனால் அது போதுமானதாக இருந்தது.

அதன்பின் எம்சிஎஸ்7780 என்ற எண்ணைத் தேடி மூன்றாவது அடாப்டரை வாங்கினேன். ஹைதராபாத்தைச் சேர்ந்த மாஸ்சிப் வடிவமைத்து, பின்னாளில் தைவானின் ஆசிக்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போன சிப் அது. 64 பிட் டிரைவரும் அதற்கு உண்டு. விண்டோஸ் 10இன் 2015ஆம் ஆண்டு முதல் பதிப்பில் இர்டா இல்லாமல் இருந்து, பின்னர் வந்த புதுப்பிப்பில் திரும்பியது என்பதால், கணினியை முழுமையாகப் புதுப்பித்துக்கொண்ட பிறகே டிரைவரை நிறுவினேன். இம்முறை முக்கோணம் இல்லை. சப்சர்ஃபேஸில் கருவியின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். இர்டா கருவியை மென்பொருளே தேடிக் கண்டுபிடிக்கும் என்பதால் எந்தப் போர்ட் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதிவிறக்கப் பொத்தானை அழுத்தினேன். கருவி எதுவும் காணப்படவில்லை என்று பதில் வந்தது.

அடாப்டர் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவை அதன் கறுப்புச் சன்னலுக்கு எதிரே பிடித்தேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் வெளிறிய ஊதா நிறத்தில் விட்டுவிட்டு மினுங்கியது. அப்படியானால் அடாப்டர் கூப்பிடுகிறது. கடிகாரத்துக்குத்தான் காது கேட்கவில்லை. சன்னலைத் திரும்பிப் பார்த்தேன். ஜனவரி மாதக் காலை வெயில் மேசையின் மேல் அப்படியே கொட்டிக்கிடந்தது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. அந்த இரைச்சலில் சின்ன அடாப்டரின் குரல் எடுபடவில்லை. திரைச்சீலையை இழுத்து மூடினேன். கருவியின் கண்ணும் அடாப்டரின் கண்ணும் ஒரே உயரத்துக்கு வரும்படி பள்ளித் தமிழ்ப் பாடநூல்கள் இரண்டை அடியில் அடுக்கி, ஒரு சாண் இடைவெளி விட்டு, நேரம் காட்டும் திரையை எழுப்பிவைத்து மறுபடியும் அழுத்தினேன்.

நீலப் பட்டை நகரத் தொடங்கியது. ஆவலில் கிட்டே குனிந்தபோது என் முழங்கை பட்டுப் பாடநூல் விலகியது, பட்டையும் பாதியில் நின்றது. இந்தக் கருவி எல்லாப் பதிவையும் ஒரே ஓட்டமாக அனுப்புவதால், நடுவில் அறுந்தால் அதுவரை வந்ததும் பயன்படாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் முறை கையைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன்.

வந்து சேர்ந்தவற்றைப் பார்த்தபோது பட்ட பாடெல்லாம் மறந்தது. நான்கு விநாடிக்கு ஒரு முறை ஆழத்தைக் குறித்துவைக்கும் கருவி என்பதால் 45 நிமிட முக்குளிப்புக்கு 675 புள்ளிகள் கிடைக்கின்றன. லா கதேத்ரால் குகையில் 27.4 மீட்டர் என்று நோட்டில் ஒரு வரியாக எழுதியிருந்த நாள், இங்கே படிப்படியாக இறங்கி, குகை வாயிலில் சற்றே தயங்கி, பின்பு ஏறும் கோடாக விரிந்திருந்தது.

நேரம் மட்டும் சில இடங்களில் உதைத்தது. 2008 அக்டோபர் கடைசியிலிருந்து 2009 மார்ச் வரையிலான முக்குளிப்புகள் நோட்டில் எட்டரை என்றால் திரையில் ஏழரை என்றே இருந்தன. நம் தீவில் கோடைக்கால நேரத்தைப் பரீட்சித்துப் பார்த்த பருவம் அது. அக்டோபர் 26 அன்று ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியபோது நான் சுவர்க் கடிகாரத்தைத் தள்ளினேன், டைவ் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஆகவே அந்த ஐந்து மாதப் பதிவுகளைத் தேர்ந்தெடுத்து, நேரத்தை நகர்த்தும் வசதியைக் கொண்டு மொத்தமாக ஒரு மணி நேரம் கூட்டினேன். கூட்டியபின் நோட்டோடு ஒத்துப் பார்த்தால், அதுவரை சரியாக இருந்த மார்ச் 29 பதிவு கெட்டுப்போயிருந்தது. அன்று விடியற்காலையில் நேரம் பழையபடி திரும்பிவிட்டது. நோட்டின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே, "சுவர்க் கடிகாரத்தைத் திருப்ப மறந்தேன், படகுக்காரர் வர ஒரு மணி நேரம் மணலில் காத்திருந்தேன்" என்று இருந்தது. அந்த ஒன்றை மட்டும் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கோப்பைச் சேமித்தேன்.