எம்ஜிபி முன்சக்கர ஆட்டம்: பேரிங்கா, கிங்பின்னா?

என்னிடம் இருப்பது 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்), இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்தது. கொஞ்ச நாளாகவே மேடு பள்ளத்தில் இறங்கினால் இடது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். சனிக்கிழமையை அதற்கென்றே ஒதுக்கினேன்.

ஸ்பிரிங் தட்டுக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டும் கொடுத்தேன். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசைத்தால் ஒன்றுமில்லை. மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் நல்ல ஆட்டம். வீல் பேரிங்தான் என்று முடிவு கட்டி, ஆர்டர் போடவே போய்விட்டேன்.

அப்புறம்தான் மகளைக் கூப்பிட்டுப் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொன்னேன். மிதித்ததும் பிரேக் டிஸ்க்கும் ஸ்டப் ஆக்ஸிலும் (சக்கரம் சுழலும் குட்டை அச்சு) ஒன்றாக இறுகிவிடும். பேரிங் ஆட்டமாக இருந்தால் அதோடு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. அப்படியானால் தேய்மானம் ஸ்டப் ஆக்ஸிலுக்கு அந்தப் பக்கம்: கிங்பின்னிலோ (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்டப் ஆக்ஸில் சுற்றித் திரும்பும் செங்குத்துத் தண்டு) அதைத் தாங்கும் சஸ்பென்ஷனிலோ. இந்த ஒரு சோதனைக்காகவே இன்னொரு ஆளை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மகள் சக்கரத்தை அசைக்க, நான் டார்ச்சோடு கீழே படுத்தேன். இந்த வண்டியில் ஆர்ம்ஸ்ட்ராங் ஷாக் அப்சார்பரின் கையே மேல் விஷ்போனாகவும் (கிங்பின்னை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கை) வேலை செய்கிறது. அதன் தண்டு தேய்ந்தாலும் இதே ஆட்டம் வரும். அங்கே ஆயில் கசிவு இல்லை, அசைவும் இல்லை. கிங்பின்னைக் கீழ் விஷ்போனோடு இணைக்கும் போல்ட்டும் உறுதியாகவே இருந்தது. கிங்பின்னும் ஸ்டப் ஆக்ஸிலும் சேரும் கீழ் இடுக்கில் விரலை வைத்தேன்; ஒவ்வொரு அசைவுக்கும் இரண்டும் விலகுவது விரலிலேயே தெரிந்தது.

காரணமும் கிடைத்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன வாய்). அதில் ஒன்று அடைத்துக்கிடந்தது. கழற்றினால் உள்ளே பழைய கிரீஸ் மெழுகுபோல இறுகியிருந்தது. எத்தனை வருஷம் வறண்டே ஓடியதோ, நினைத்தாலே மனசு கஷ்டமாக இருக்கிறது. புது நிப்பிள் போட்டு, சக்கரம் தரையில் படாதபடியே கிரீஸ் அடித்தேன். ஸ்டியரிங் லேசானது, ஆட்டம் அப்படியே இருந்தது. தேய்ந்த உலோகத்தை கிரீஸ் திருப்பித் தராது.

கிங்பின்னைச் சுற்றியிருக்கும் புஷ்ஷை (தேய்மானம் தாங்கும் உலோகக் குழாய்) மட்டும் மாற்றலாம்; ஆனால் அடித்து ஏற்றிய பிறகு அளவுக்கு ரீமர் (துளையைத் துல்லியமாக விரிக்கும் கருவி) பிடிக்க வேண்டும், என்னிடம் அது கிடையாது. அதனால் சீரமைத்த முழு செட்டாகவே, இரண்டு பக்கத்துக்கும் வாங்குகிறேன். விஷ்போன் ரப்பர் புஷ்களும் வெடித்திருக்கின்றன. கையோடு எம்ஜிபியின் வி8 மாடலின் புஷ்களைப் போடப்போகிறேன்.

நான் சொன்ன அந்தக் கீழ் போல்ட், அதைச் சுற்றியிருக்கும் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் வழக்கம் இந்த வண்டிக்கு உண்டு. இன்று ராத்திரியிலிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விட ஆரம்பித்துவிட்டேன்.