சுத்தியலை நிறுத்தி வைக்கும் கலை: குளியலறைச் சுவரில் ரோட்டரி ஹேமர்

அம்மாவுக்காக வாங்கி வைத்திருந்த கைப்பிடிக் கம்பி ஒருவழியாகக் குளியலறைச் சுவரில் ஏறிவிட்டது. விட்ரிஃபைடு டைல்ஸில் மயிரிழை விரிசல்கூட இல்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் குடியிருப்பில் இதே வேலைக்கு வந்த ஆட்கள் டைல்ஸை உடைத்துவிட்டு, "பழைய டைல்ஸ் சார், அப்படித்தான்" என்று சொல்லிப் போவது வழக்கம். டைல்ஸின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுழன்றுகொண்டே சுத்தியல் போல் அடித்துத் துளைக்கும் எந்திரம்தான் ரோட்டரி ஹேமர்; அதில் அந்த அடியை நிறுத்தும் லிவரைத் திருப்பச் சோம்பல், வேறொன்றுமில்லை.

என்னிடம் இருக்கும் ரோட்டரி ஹேமர் 26 மி.மீ. வகை, 800 வாட், பிட்டைச் செருகிப் பூட்டும் எஸ்டிஎஸ் பிளஸ் வாய் கொண்டது. கான்கிரீட்டுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. டைல்ஸுக்கு இதைவிட மோசமான கருவியும் இல்லை. ஆகவே டைல்ஸை மட்டும் பேட்டரியில் ஓடும் சிறிய டிரில்லிடம் ஒப்படைத்துவிட்டேன். எஸ்டிஎஸ் வாயில் சாதா சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் தலை) மாட்டும் அடாப்டர் கிடைக்கும்தான். ஆனால் அதில் பிட் லேசாக ஆடும். மரத்துக்கு அந்த ஆட்டம் பொறுக்கும், டைல்ஸுக்கான வைர வளைய பிட்டுக்கு, அதாவது விளிம்பில் வைரத் துகள் பதித்த குழாய் வடிவ பிட்டுக்குப் பொறுக்காது. அந்தச் சக்கை மாட்டியபடி யாராவது சுத்தியலை ஓட்டினால் சக்கும் போய்விடும்.

சிக்கலெல்லாம் முதல் இரண்டு மில்லிமீட்டரில்தான். வைர வளைய பிட்டுக்கு நடுமுனை கிடையாது. நேராக வைத்து ஓட்டினால் பளபளப்பின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். பிட்டை ஏறக்குறைய 45 பாகை சாய்த்து, மெதுவான வேகத்தில், விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் படும்படி வைக்க வேண்டும். முதலில் பிறை போல் ஒரு தடம் விழும். அந்தத் தடத்தை விட்டு நழுவாமல், சுற்றிக்கொண்டே இருக்கும்போது சிறிது சிறிதாக நிமிர்த்த வேண்டும். பிறை முழு வட்டமாகும் வரை அவசரம் கூடாது, அழுத்தமும் கூடாது. நிமிர்த்துகிற வேகத்தில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். இடது கையில் ஈரப் பஞ்சு. அடிக்கடி வெளியே எடுத்துத் துளையையும் பிட்டையும் நனைத்துக்கொள்ள வேண்டும். சூடேறினால் வைரத் துகள்கள் உதிர்ந்து, பிட் வெறும் குழாயாகிவிடும். டைல்ஸின் பின்முகத்தை எட்டும் நேரத்தில் சத்தம் மாறும். அங்கே கையை இன்னும் தளர்த்த வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே காசால் தட்டிப் பார்த்துவிடுங்கள். எங்கள் கட்டடத்தில் டைல்ஸ் ஒட்டியவர் முழுப் பரப்பிலும் கலவை பூசாமல், நான்கைந்து இடத்தில் உருண்டை வைத்து அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தில் துளை போட்டால் திருகை முறுக்கும்போது உடையும். எனக்கு இரண்டு அங்குலம் தள்ளித் திடமான இடம் கிடைத்தது.

டைல்ஸில் 12 மி.மீ., பின்சுவரில் 10 மி.மீ. இந்த வித்தியாசம் வேண்டுமென்றே வைத்தது. பின்சுவரைத் துளைக்கும் பிட் டைல்ஸ் விளிம்பைத் தொடாது. திருகைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளக்கையும் டைல்ஸைத் தாண்டி உள்ளே தள்ளிவிடலாம். அது விரியும்போது நெரிபடுவது சுவராகத்தான் இருக்க வேண்டும், டைல்ஸ் அல்ல. கம்பியின் வட்டத் தட்டு 12 மி.மீ. துளையை மூடிக்கொள்கிறது. திருகுமுன் உள்ளே சிலிக்கான் பிதுக்கிவிட்டால் நீர் இறங்காது.

இதற்குப் பிறகுதான் ரோட்டரி ஹேமர். கம்பியின் ஒரு முனை செங்கல்லில், மறுமுனை கான்கிரீட் தூணில். செங்கல்லில் சுத்தியலை அணைத்து வெறும் சுழற்சியில் போட்டேன். நேரம் பிடிக்கும், ஆனால் துளை வட்டமாக வரும். சேம்பர் கல்லில் (சூளையில் சுட்ட செங்கல்லில்) சுத்தியல் ஓடினால் உள்ளே பொடிந்து துளை அகன்று, பிளக் சும்மா சுற்றும். தூசியின் நிறத்தைக் கவனித்தால் போதும்: சாம்பல் நிறம் பூச்சு, சிவப்பு கல்.

தூணில் லிவரைத் திருப்பிச் சுத்தியலை ஓடவிட்டேன். இங்கே தோள் கொடுத்து அழுத்துவது வீண். உள்ளே காற்றழுத்தம்தான் அடிக்கிறது, நாம் பிடித்துக்கொண்டால் போதும். பக்கக் கைப்பிடி இல்லாமல் மட்டும் தொடாதீர்கள். பிட் சிக்கினால் எந்திரம் மணிக்கட்டைத் திருகிவிடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 படி தூணின் முக்கியக் கம்பிக்கு மேல் குறைந்தது 40 மி.மீ. கான்கிரீட் உறை இருக்க வேண்டும். முக்கியக் கம்பிக்கு வெளியே அதைச் சுற்றிய சுற்றுக் கம்பி வேறு. பிட் இறங்காமல் கணீரென்று ஒலித்தால் அது கம்பி. அதை வெட்ட முயலாமல் துளையை நகர்த்துங்கள். நான்கு வெட்டுமுனை உள்ள பிட் இந்த இடத்தில் இரண்டு முனைப் பிட்டைப் போல் சிக்கிக்கொள்வதில்லை. விலை கூடுதல்தான், எனக்கு வருத்தமில்லை.

கீசர் வயர் எங்கே இறங்குகிறது என்று பார்த்து அந்த இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தொடங்கினேன். எந்திரத்துக்கு மின்சாரம் படுக்கையறையிலிருந்து, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக. ஈரப் பஞ்சை முன்பே அகற்றித் துடைத்தாகிவிட்டது. என்95 முகக்கவசத்தைச் சிலர் கேலி செய்கிறார்கள். கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது; நுரையீரலில் படிந்தால் திரும்ப வராது. கேலி செய்பவர்கள் செய்யட்டும்.

பிட்டுகளைச் சென்னைப் பாரிமுனையில் கடை ஏறி வாங்குவதே நல்லது. கார்பைடு முனை தண்டோடு சேரும் இடத்தைக் கண்ணால் பார்க்கலாம், தண்டை உருட்டி நேராக இருக்கிறதா என்று சோதிக்கலாம். இணையத்தில் மூட்டையாக விற்கும் மலிவுத் தொகுப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிட்டின் அடித்தண்டுக்குப் பூசும் கிரீஸையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். பலரும் அதை மறந்துவிட்டு எந்திரத்தைக் குறை சொல்கிறார்கள்.

இரண்டாவது கம்பி இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது. அது போக வேண்டிய இடம், முந்தைய உரிமையாளர் பிற்பாடு ஏஏசி என்னும் எடை குறைந்த, காற்றுத் துளைகள் நிறைந்த கான்கிரீட் கல்லால் எழுப்பிய தடுப்புச் சுவர். அதில் சுத்தியலுக்கு வேலையே இல்லை, மரத்துக்கான பிட்டே இறங்கிவிடும். ஆனால் ஆள் எடையைத் தாங்க வேண்டிய கம்பியைச் சாதாரண பிளக்கை நம்பி மாட்ட மாட்டேன். சுவரை ஊடுருவி போல்ட் போட்டு, பின்பக்கம் எஃகுத் தகடு வைப்பதாகத் திட்டம். பின்பக்கம் எங்கள் படுக்கையறை. தகடு தெரியக் கூடாது என்கிறாள் மனைவி. அலமாரியை இரண்டடி நகர்த்தினால் மறைந்துவிடும் என்கிறேன் நான். பேச்சுவார்த்தை நடக்கிறது. அதற்குள் தகட்டை வெட்டித் துருப்பிடிக்காத பெயின்ட் அடித்து வைத்துவிடுவேன்.